ஆளுக்கொரு சொல்

பொன்னேரி,
ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து

என் செல்ல மகள் ஹெலனுக்கு அம்மா ஞானம்மா ஆசையோடு எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் என் முழங்கால் வலியையும் உன் அப்பாவின் வாயையும் தவிர இந்த வீட்டில் வேறு தொந்தரவு எதுவும் இல்லை, நீயும் அந்தத் தீவில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டுதான் பேனாவை எடுத்திருக்கிறேன், அப்படி இல்லையென்றால் மறைக்காமல் சொல்லு. உன் பள்ளிக்கூடத்து நாகர்கோவில் டீச்சர் லீவு முடிந்து மாலத்தீவுக்குத் திரும்பும்போது சென்னையில் ஒரு நாள் தங்குகிறாள் என்றாயே, அவளிடம்தான் இந்தக் கடிதத்தையும் பருப்புப் பொடியையும் பழவேற்காட்டு இறால் கருவாட்டையும் கொடுத்தனுப்புகிறேன். சுற்றிலும் கடல் இருக்கிற ஊருக்குக் கருவாடு அனுப்புகிற ஒரே ஆள் நீதான் என்று அப்பா காலையிலிருந்து என்னைக் கேலி செய்துகொண்டிருக்கிறார், செய்யட்டும். இங்கே ஒரு வாரமாக நல்ல மழை, ஸ்டேஷன் பக்கம் முழங்கால் அளவு தண்ணீர், கம்பெனி பஸ் ஊரைச் சுற்றிக்கொண்டு வருகிறது. அப்பாவுக்கு இந்த மாதம் முழுக்கப் பகல் ஷிப்ட், ஃபோர்க்லிஃப்டில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு பிடித்துக்கொண்டது, டாக்டரிடம் போகச் சொன்னால் தைலம் போதும் என்கிறார், நீ ஒரு வார்த்தை சொன்னால் போவார். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள் உனக்குக் கிளாஸுக்கு நேரமாகிவிடுகிறது, மீதியைச் சொல்ல வந்தால் எனக்கு அழுகை வந்துவிடுகிறது. அதனால் ஜோதிலட்சுமி விஷயத்தை முதலிலிருந்து எழுதிவிடுகிறேன், தெரிந்ததே வந்தாலும் பொறுமையாகப் படி.

எங்கள் பிசிறு செக்ஷன் உனக்கு ஞாபகம் இருக்கும், பிளஸ் டூ படிக்கும்போது குடும்ப தினத்துக்கு ஒருமுறை வந்து பார்த்தாய். அச்சிலிருந்து எடுக்கிற ரப்பர் வளையத்தின் விளிம்பில் தோசை ஓரம் மாதிரி மெல்லிசாக ஒரு பிசிறு ஒட்டிக்கொண்டிருக்கும், அதைச் சின்னப் பிளேடால் வெட்டி எடுப்பதுதான் எங்கள் வேலை. பிசிறு மிச்சம் இருந்தாலும் தப்பு, வளையத்தின் மேல் பிளேடு பட்டாலும் தப்பு, அது போய் வண்டி பிரேக்கில் உட்காரப்போகிற சாமான். இருபத்திரண்டு பெண்கள், பதினோரு வருஷமாக நான் லைன் லீடர். அதில் ஜோதிலட்சுமியும் சுமலதாவும் ஒன்பது வருஷமாகப் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ஜோதி நம் பொன்னேரிப் பக்கத்துக் கிராமத்துப் பெண், பேச்சு குறைவு. சுமலதா ஆரம்பாக்கத்திலிருந்து வருகிறவள், வீட்டில் தெலுங்கு, பஸ் ஏறியதிலிருந்து இறங்கும்வரை அவள் நைனா கதைதான், அவள் லீவு போட்டால் பஸ்ஸே தூங்கிப்போகும். இரண்டு பேருமே காண்ட்ராக்ட். காண்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் புது அட்டை, அதில் வேலைக்குச் சேர்ந்த தேதியும் புதுசு, அதனால் ஒன்பது வருஷம் வேலை பார்த்தவள் அட்டைப்படி ஆறு மாதக்காரி. இந்த வருஷம் எங்கள் செக்ஷனுக்கு ஒரே ஒரு பர்மனென்ட் இடம் என்று ஆபீஸில் சொன்னார்கள், வயசு முப்பத்தைந்து தாண்டியிருக்கக் கூடாது. சுமலதாவுக்கு முப்பத்தொன்று. ஜோதிக்கு வருகிற தையில் முப்பத்தைந்து முடிகிறது. இந்த இடம் போனால் அவளுக்கு இனி எந்த இடமும் இல்லை, காண்ட்ராக்டர் வேண்டாம் என்று சொல்கிற நாள் வரைக்கும் தினக்கூலிதான்.

அந்த இடத்துக்கு ஆள் எடுக்க ஹெட் ஆபீஸிலிருந்து ஒரு ஃபாரம் வந்தது, எல்லாம் இங்கிலீஷ். இத்தனை வருஷமும் வருகிற ஃபாரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து உன்னைப் படிக்கச்சொல்லி, அடுத்த நாள் எனக்கே தெரிந்த மாதிரி எழுதிக் கொடுத்துவிடுவேன் என்பது உனக்கும் எனக்கும் அப்பாவுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். செக்ஷனில் எனக்கு இங்கிலீஷ் தெரிந்த லீடர் என்று பெயர், அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் மிதப்பும் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்த முறை ஹெச்.ஆர். ஜெகன், அந்த வேப்பம்பட்டுப் பையன், சாப்பாட்டு நேரத்துக்குள் ஃபாரம் கைக்கு வேண்டும் என்று என் மேஜையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டான். போனோ கேட்டில் லாக்கரில். எட்டாவது வரி, எக்செல் (excel) செய்கிறவர் யார். ஒன்பதாவது வரி, மற்றவர்களை அவுட்டூ (outdo) செய்கிறவர் யார். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு பெயர். நீ எட்டாவது படிக்கும்போது வைத்திருந்த குட்டி டிக்ஷ்னரி என் டிராயரில் கிடக்கிறது, எடுத்துப் பார்த்தேன், இரண்டுக்குமே மிஞ்சு, மேம்படு என்றுதான் போட்டிருந்தது. சரி, இரண்டும் ஒன்றுதான், இங்கிலீஷ்காரனுக்கு வேறு வேலை இல்லை, ஒன்றையே இரண்டு தடவை கேட்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் லைனில் எல்லாமே முறை வைத்துத்தான் நடக்கும். ஃபேனுக்கு நேர் கீழே இருக்கிற நாற்காலி, ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம், பஸ்ஸில் ஜன்னல் சீட்டு, ஆயுத பூஜைக்கு வருகிற பெரிய ஸ்வீட் டப்பாவை முதலில் பிரிப்பது வரைக்கும் யார் முறை என்று பார்த்துத்தான் செய்வோம், சண்டையே வராது. அந்தப் பழக்கத்தில் இரண்டு கட்டம் இருக்கிறது, இரண்டு கெட்டிக்காரிகள் இருக்கிறார்கள், ஆளுக்கொன்று என்று பிரித்துவிட்டேன். போன மாதப் பாராட்டுச் சீட்டு ஜோதிக்குப் போனதால் இந்தத் தடவை முதல் முறை சுமலதாவுக்கு. எட்டில் சுமலதா, ஒன்பதில் ஜோதி. எழுதி மடித்துக் கொடுத்துவிட்டு, ரொம்ப நியாயமாக நடந்துகொண்டோம் என்ற திருப்தியோடு போய்ச் சாப்பிட்டேன்.

மறுநாள் ஜெகன் எதிரில் வந்து, 'இன்னாக்கா, சுமலதாதான் பர்மனென்ட்டுன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க போல' என்றான். எனக்குப் புரியவில்லை. எட்டாவது வரியில் இருக்கிற பெயரைத்தான் ஹெட் ஆபீஸில் பர்மனென்ட்டுக்குப் பார்ப்பார்கள், ஒன்பதாவது வரி ஆண்டு விழாவில் கொடுக்கிற பரிசுக்கு, இந்த வருஷம் ஹாட்பாக்ஸ் என்றான். வெளியே சிரித்துவைத்தேன். அன்று சாயங்காலம்தான் உனக்குப் போன் போட்டு இந்த இரண்டு சொல்லுக்கும் என்னடி வித்தியாசம் என்று கேட்டேன், எதற்கு என்று நீ கேட்டபோது சும்மா என்று சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள். நீ சொன்னதை நான் அப்படியே காதில் வைத்திருக்கிறேன். 'அவுட்டூவுக்கு ரெண்டாவது ஆளு ஒருத்தர் வேணும்மா, அவங்க செஞ்சதுக்கு மேல ஒரு படி செஞ்சாதான் அது அவுட்டூ. எக்செல்லுக்குப் பக்கத்துல ஆளே தேவையில்ல, செய்ற வேலையே ஒசந்து நிக்கும்' என்றாய். அதோடு உன் தீவுக் கதை ஒன்று சொன்னாய். உன் வகுப்பில் ஒரு பையன் அடுத்தவன் எவ்வளவு தூரம் போகிறான் என்று பார்த்துப் பார்த்து அவனைத் தாண்டி நீந்துவானாம், இன்னொரு பெண் கடலில் யாருமே இல்லாதபோது நீந்தினாலும் கரையில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்களாம். எனக்கு அந்த இடத்திலேயே பளிச்சென்று புரிந்துவிட்டது. பதினோரு வருஷம் வேலை பார்த்த இடத்தை அங்கேயிருந்து நீ எனக்குக் காட்டிவிட்டாய் கண்ணு. டிக்ஷ்னரி போட்டவனுக்குக்கூட வராத விளக்கம், டீச்சர் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று அப்பாவிடம் பத்துத் தடவை சொன்னேன். கடைசியில் சிரித்துக்கொண்டே, 'நீ எப்பவுமே அவுட்டூ பார்ட்டிதானேம்மா, நான் மூணாவது ராங்க் வாங்கினு வந்தா ரெண்டாவது யாருன்னுதானே கேப்ப' என்றாயே, அது மட்டும் சுருக்கென்று குத்தியது. உண்மைதான், போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் நாஷ்டாகூடச் சாப்பிடாமல் பழைய ரிஜிஸ்தரை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். டார்கெட் ஒரு நாளைக்கு ஆயிரத்து எண்ணூறு. சுமலதா இரண்டாயிரத்து முன்னூறு, நானூறு என்று எப்போதும் மேலே. ஜோதி ஆயிரத்துத் தொள்ளாயிரம், கூடவும் இல்லை குறையவும் இல்லை. இதுவரை நான் இவ்வளவுதான் பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் லீவுத் தேதியை வைத்துப் பார்த்தேன். போன சித்திரையில் மகனுக்கு அம்மை என்று ஜோதி பதினோரு நாள் வரவில்லை, அந்தப் பதினோரு நாளும் சுமலதாவின் கணக்கு ஆயிரத்து எண்ணூற்று ஐம்பதைத் தாண்டவே இல்லை. பக்கத்து நாற்காலியில் ஜோதி வந்து உட்கார்ந்த அன்றே இரண்டாயிரத்து நானூறு. அதே சுமலதா கல்யாணம், திருவிழா என்று லீவு போட்ட நாளெல்லாம் ஜோதியின் கணக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரம், அப்படியே இருக்கிறது. நீ சொன்ன இரண்டு சொல்லும் என் ரிஜிஸ்தரில் எண்ணாகவே நின்றுகொண்டிருந்தன, நான்தான் பார்க்கவில்லை. அப்புறம் ஜோதியின் கையைப் போய்ப் பக்கத்தில் நின்று பார்த்தேன். மற்றவர்கள் வளையத்தைப் பிடித்துக்கொண்டு பிளேடைச் சுற்றுவார்கள், அவள் பிளேடை அசைக்காமல் வளையத்தைச் சுற்றுகிறாள், பிசிறு ஒரே இழையாகக் கழன்று விழுகிறது. வெட்டி முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு உள்பக்கம் விரலை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் தட்டில் வைக்கிறாள். போன வருஷம் ஒரு நாள், எங்கள் எல்லோர் தட்டிலும் ஒரே மாதிரி ஒரு கீறல் வந்து செக்கிங்கில் எங்களைத் திட்டிக்கொண்டிருந்தபோது, கீறல் விழுந்த நாற்பது வளையத்தை வரிசையாக அடுக்கி, 'இது நம்ம வெட்டு இல்லக்கா, எல்லாத்துலயும் ஒரே எடத்துல கீது பாரு, அச்சுலயே தேஞ்சி போயிருக்கும்' என்று சொன்னவள் அவள்தான். அச்சைக் கழற்றிப் பார்த்தால் நாலாவது குழியில் சரியாக அதே இடத்தில் தேய்மானம். இன்ஜினியர்கள் நாலு பேர் நின்று தலையைச் சொறிந்தார்கள். இவள் அடுத்த வளையத்தை எடுத்து வெட்ட ஆரம்பித்துவிட்டாள். எங்கள் தட்டு ஒவ்வொன்றிலும் வெட்டியவர் நம்பர் போட்ட சீட்டு இருக்கும், வாங்கின கம்பெனியிலிருந்து சரக்கு திரும்பி வந்தால் யார் தட்டு என்று தெரியும். நாலு வருஷமாகத் திரும்பி வந்த சீட்டையெல்லாம் தேடினேன், ஜோதியின் பதினாலாம் நம்பர் ஒன்றுகூட இல்லை. ஹெலன், இப்படி ஒருத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஹாட்பாக்ஸ் கட்டத்தில் எழுதியிருக்கிறேனே என்று அழுகை அழுகையாக வந்தது.

அப்பாவிடம் சொன்னேன். 'ஆபீஸ்ல போய் வாயத் தொறக்காத, இங்கிலீஷ் தெரியாதுன்னு நீயே சொல்லினு நின்னா உன் லீடர் சீட்டு போய்டும்' என்றார். நானும் ஒரு நாள் முழுக்க அப்படித்தான் நினைத்துக்கொண்டு சும்மா இருந்தேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஜோதியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, இப்படி அர்த்தம் தெரியாமல் மாற்றிப் போட்டுவிட்டேன், போய்ச் சொல்லி மாற்றப்போகிறேன் என்றேன். திட்டுவாள் என்றுதான் இருந்தேன், திட்டியிருந்தால் எனக்கும் நன்றாக இருந்திருக்கும். அவளோ, 'சுமா பேர எட்த்துட்டு என் பேரப் போடாதக்கா, அப்பறம் அவ இன்னாவோ தப்பு பண்ட்டான்னு நெனைப்பாங்க. அவ கை இன்னா கை, என் கை இன்னா கை, பாத்தத அப்டியே எழ்திக் குடு, அவங்க பாத்துக்கட்டும்' என்றாள். சொல்லிவிட்டுக் கை கழுவுகிற இடத்துக்குப் போனாள், திரும்பி வரும்போது முகமெல்லாம் ஈரம். வயசு ஏறிக்கொண்டிருக்கிறது, ஒரே ஒரு இடம், அது கை நழுவுகிற நேரத்திலும் அடுத்தவள் பெயருக்கு ஒரு கறை வரக்கூடாது என்று நினைக்கிற மனசு எத்தனை பேருக்கு வரும். என்னைவிடப் பதினெட்டு வயசு சின்னவள், நான் கையெடுத்துக் கும்பிடாத குறைதான்.

நேராக ஜெகனிடம் போனேன். தம்பி, எனக்கு இங்கிலீஷ் தெரியாது, இத்தனை நாளும் என் மகள்தான் படித்துச் சொன்னாள், இந்தத் தடவை அர்த்தம் தெரியாமல் முறை வைத்துப் பெயர் எழுதிவிட்டேன் என்று கடகடவென்று சொல்லிவிட்டேன், நிறுத்தினால் சொல்ல வராது என்று பயம். அறையில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள், ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஜெகன் சிரிக்கவில்லை, நல்ல பையன், அவனைப் பெற்றவள் நன்றாக இருக்க வேண்டும். ஃபாரம் போய்விட்டது, ஆனால் கூட ஒரு தாள் வைக்கலாம், தமிழிலேயே எழுதுங்கள் நான் மாற்றி அனுப்புகிறேன் என்று வெள்ளைத்தாளை நீட்டினான். நாலு தாள் கிழித்தேன். ஜோதியைத் தூக்கி எழுதினால் சுமலதா கீழே போகிறாள், சுமலதாவைப் பார்த்து எழுதினால் ஜோதி மங்கிப்போகிறாள், நான் இத்தனை வருஷம் ஒருத்தியை வைத்துத்தான் இன்னொருத்தியை அளந்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. கடைசியில் இப்படி எழுதினேன். சுமலதா வேகமான கைக்காரி, பக்கத்தில் ஈடுகொடுக்க ஆள் இருந்தால் இன்னும் வேகம் எடுப்பாள், அவசர ஆர்டர் வந்தால் இவள் இல்லாமல் லாரி கிளம்பாது. ஜோதிலட்சுமி பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பதில்லை, கையில் இருக்கிற வளையத்தைத்தான் பார்ப்பாள், நாலு வருஷத்தில் அவள் தட்டு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை, அச்சில் இருந்த பழுதைக் கண்டுபிடித்தவளும் அவளே. எட்டாவது வரிக்கும் ஒன்பதாவது வரிக்கும் அர்த்தம் ஒன்று என்று நினைத்துப் பெயர் போட்டது என் தவறு. ஜெகன் படித்துவிட்டு, 'கடைசி வரி வேணாமேக்கா, உங்களுக்குத்தான் பேஜாரு' என்றான். அது இருக்கட்டும் தம்பி, அது இல்லாவிட்டால் மேலே எழுதியதை ஏன் நம்ப வேண்டும் என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது மனசு லேசாகிவிட்டது.

பத்தொன்பது நாள் கழித்து ஆர்டர் வந்தது, ஜோதிலட்சுமிக்கு. என் லீடர் வேலைக்கும் ஒன்றும் ஆகவில்லை, மேனேஜர் கூப்பிட்டு இனி ஃபாரம் எல்லாம் தமிழிலும் வரும் என்று மட்டும் சொன்னார், அப்பாவுக்குத்தான் கொஞ்சம் ஏமாற்றம், தான் சொன்னது நடக்கவில்லையே என்று. ஆர்டரை வாங்கிக்கொண்டு ஜோதி என்னிடம்தான் ஓடிவந்தாள். சம்பளத்தைக் கேட்கவில்லை, லீவு எத்தனை என்று கேட்கவில்லை. 'இதுல சேந்த தேதி போட்டுக்கீறாங்களே, இது இனிமே மாறவே மாறாதாக்கா' என்று கேட்டாள். மாறாது என்றேன். அந்தத் தாளை வயிற்றோடு அணைத்துக்கொண்டு விக்கி விக்கி அழுதாள், நானும் அழுதேன், லைனே நின்றுவிட்டது. சூப்பர்வைசர் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

இதோடு முடிந்திருந்தால் நான் கடிதம் எழுதியிருக்க மாட்டேன், சந்தோஷச் செய்தி, போனிலேயே சொல்லியிருப்பேன். சுமலதா அன்று ஜோதிக்குக் கை கொடுத்தாள், வாழ்த்துச் சொன்னாள், அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை. நாலு நாள். பஸ்ஸில் சத்தமே இல்லை. கோபம் இருக்கும்தானே, தானாக ஆறும் என்று விட்டுவிட்டேன். ஐந்தாம் நாள் சாயங்காலம் பஸ் புறப்படும்போது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். 'நீ எழ்திக் குடுத்தத ஜெகன் சார் படிச்சிக் காட்னாரு, எல்லாம் நெஜந்தான்க்கா, ஜோதிக்குக் கெடச்சதுல எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல. நாலு நாளா என் தட்ட நானே வெளிச்சத்துல வச்சிப் பாத்துக்கினு கீறேன். நூத்துக்கு மூணு நாலு வெட்டுப் பட்டுது. இது உனுக்குத் தெரியும் இல்ல?' என்றாள். தெரியும் என்றேன். 'ஒம்போது வருசமா தெரியும். ஒரு வாட்டியாவது எங்கிட்ட சொன்னியாக்கா?' என்றாள். அவ்வளவுதான் கேட்டாள், குரலைக்கூட உயர்த்தவில்லை. அவள் தட்டை எல்லாம் செக்கிங் போகும் முன்னால் நானே பார்த்து, வெட்டுப் பட்டதைப் பொறுக்கி எடுத்து வீசியிருக்கிறேன். அவள் எண்ணிக்கையால்தான் என் செக்ஷன் எப்போதும் முதலில் நின்றது, மீட்டிங்கில் ஞானம்மா லைன் என்று கை தட்டினார்கள். சொன்னால் வேகம் குறைந்துவிடுமே என்று சொல்லாமல் இருந்தேன், அதோடு விடாமல் தினமும் போர்டில் இரண்டு பேர் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, இன்றைக்கு ஜோதியை எவ்வளவு தாண்டினாய் என்று தட்டிக் கொடுத்தேன். அவளை ஒன்பதாவது வரியிலேயே உட்கார்த்தி வைத்தது நான்தான். பஸ்ஸில் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கையை இழுத்துக்கொள்ளவில்லை, என் பக்கம் திரும்பவும் இல்லை, அவள் இறங்குகிற ஆரம்பாக்கம் ரோடு வரைக்கும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் போர்டைத் துடைத்துவிட்டு அவள் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். எந்த இடத்தில் அவள் பிளேடு சறுக்குகிறது என்று தெரிந்ததை எல்லாம் சொன்னேன், ஒன்பது வருஷத்துக்கும் சேர்த்து. கோபப்படாமல் கேட்டுக்கொண்டாள், அதுதான் அவள் பெருமை, நானாக இருந்தால் எழுந்து போயிருப்பேன். இந்த வாரம் அவள் கணக்கு ஆயிரத்து எழுநூறு, டார்கெட்டுக்கும் கீழே, மீட்டிங்கில் என்னை நிற்கவைத்துக் கேட்டார்கள், நான்தான் மெதுவாக வெட்டச் சொன்னேன் என்றேன். வெட்டுப் பட்டது நூற்றுக்கு ஒன்று. நேற்று ஒரு வளையத்தைக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் தட்டில் வைத்தாள், ஜோதி எத்தனை முடித்தாள் என்று கேட்கவே இல்லை. அடுத்த வருஷம் ஒரு இடம் வந்தால் என்ன எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியும், வருமா என்பதுதான் தெரியவில்லை, நீயும் அவளுக்காக ஜெபம் பண்ணு.

கருவாட்டைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வை, உப்புத் தண்ணீரில் தலை குளிக்காதே, அப்பாவின் இடுப்புக்காக இன்றைக்கே ஒரு போன் போடு. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, உன் கையில் வருகிற பிள்ளைகளையும் உன்னையும் ஆசீர்வதிப்பாராக. கடைசியாக ஒன்று. உன் வகுப்பிலும் எல்லோருக்கும் முன்னால் நோட்டை நீட்டுகிற பிள்ளை ஒன்று இருக்கும், உன் வகுப்புக்கு அதனால் நல்ல பெயரும் இருக்கும். அதன் தப்பு உன் கண்ணில் பட்டிருந்தால் நாளைக்கே பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிவிடு கண்ணு. அம்மாவிடம் ஒருத்தி கேட்ட மாதிரி உன்னிடம் யாரும் கேட்கும்படி வைத்துக்கொள்ளாதே.

எப்போதும் உன் நினைவாகவே இருக்கும்,
உன் அம்மா
பீ. ஞானம்மா